கொக்கி ஒன்றுதான், சரக்கு வேறு

புராஸ்டேட் கேன்சருக்கு லுட்டீசியம் என்ற கதிர்வீச்சு மருந்தை முதல் தடவை ஊசியாகப் போட்டு நைனாவை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு 32 நாள் நாங்கள் யாருமே அவரைத் தொடவில்லை. சாப்பாட்டுத் தட்டை நடையில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்போம். அவர் வந்து எடுத்துக்கொள்வார். என் நாலு வயது மகள் "தாத்தா" என்று ஓடும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி மட்டும் இருட்டில், "இன்னா கண்ணு, நான் இன்னும் எரிஞ்சிக்கினுதான் கீறேனா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "கவனமா இருங்க, குழந்தைங்கள கிட்ட விடாதீங்க" என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எத்தனை நாள், எத்தனை அடி என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான் சென்னை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். "கொஞ்சம் பாக்கி இருக்குது" என்று எவராவது சொன்னால், எவ்வளவு என்று கேட்காமல் விடமாட்டேன். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில் எண்ணே இல்லாத ஒரு பேச்சைத் தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கான தண்டனையை அனுபவித்தது நைனா. வேறு ஒரு வீட்டில் இன்னொரு பெரியவர் அப்படி நடையில் தட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நைனா துறைமுகத்தில் கொக்கியில் சரக்கை மாட்டித் தூக்கி இறக்கும் வின்ச் மெஷினுக்கு டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். 2021இல் இடுப்பு வலி என்று ஆரம்பித்தார். சுமை பார்த்த உடம்பு, வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்தோம், பத்துப் போட்டோம். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போனதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். கடைசியில் ஒரு டாக்டர் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. 200ஐத் தாண்டியிருந்தது. பயாப்சியில் புராஸ்டேட் கேன்சர் என்று வந்தது. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, இரண்டு விலா எலும்புகளில் பரவியிருந்தது தெரிந்தது. ஆண் ஹார்மோன் சுரப்பை நிறுத்த விதைகளை எடுக்கும் ஆபரேஷன், பிறகு அதே ஹார்மோனைக் குறைக்க அபிராட்டிரோன் மாத்திரை, 2023இல் டோசிடாக்சல் கீமோ ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் பிஎஸ்ஏ இறங்கியது, சில மாதம் படுத்துக் கிடந்தது, மறுபடி எழுந்தது. 2024 சித்திரையில் 94.

அப்போதுதான் புற்றுநோய் டாக்டர் பிஎஸ்எம்ஏ ஸ்கேன், லுட்டீசியம் என்ற இரண்டு வார்த்தைகளையும் சொன்னார். "கரண்ட் வைக்கிறதா டாக்டர்?" என்று கேட்டேன். நம் பக்கம் ரேடியேஷன் என்றாலே அப்படித்தானே சொல்வோம். "அது வெளியிலிருந்து ஒரு இடத்துல வைக்கிறது. இது ரத்தத்துல போய் உடம்பு முழுக்க இருக்கிற கேன்சரைத் தேடிப் பிடிக்கிறது" என்றார். புராஸ்டேட் செல்களின் மேல்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்று ஒரு புரதம் இருக்கிறது. கேன்சரான செல்லில் அது பல மடங்கு அதிகம். அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் வாலில் கேலியம்-68 என்ற கதிர்வீச்சுப் பொருளைக் கட்டி அனுப்பினால், போய் ஒட்டிய இடமெல்லாம் பெட் ஸ்கேனில் தெரியும். அதே வாலில் லுட்டீசியம்-177 கட்டினால், ஒட்டிய இடத்திலேயே உட்கார்ந்து அந்தச் செல்லைச் சுடும். லுட்டீசியத்திலிருந்து கிளம்பும் பீட்டா கதிர் உடம்புக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் தூரம்தான் போகும். அதனால் பக்கத்து இடங்களுக்குச் சேதம் குறைவு.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். நைனா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று திரும்பினார். "அப்போ கொக்கி ஒண்ணுதான், சரக்குதான் வேற. அதானே சார்?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, "ஐயா, இனிமே எல்லாருக்கும் நான் இப்படியே சொல்லிக்கிறேன்" என்றார். மூன்று வருஷ சிகிச்சையில் தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று நைனாவுக்கு முதல் முதலாகப் புரிந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கொக்கி மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஸ்கேன். அதில் ஒளிராத கேன்சருக்கு லுட்டீசியம் போட்டுப் புண்ணியமில்லை. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் ஸ்கேனுக்கு முன்னால் சிகிச்சை பேசக் கூடாது.

அந்த ஸ்கேனுக்கே நாங்கள் இரண்டு தடவை போக வேண்டியதாயிற்று. காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ராயபுரம் பக்கத்தில் துறைமுகத்துக்குள் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோவிலேயே ஒன்றே கால் மணி நேரம் போயிற்று. போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கென்று எடுத்து வைத்த மருந்து பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது என்றார்கள். யாரும் கொட்டவில்லை, எடுக்கவில்லை, தானாகவே கரைந்துவிட்டது. கேலியம்-68க்கு ஆயுள் அப்படி: 68 நிமிஷத்தில் பாதி, அடுத்த 68 நிமிஷத்தில் அதிலும் பாதி. சில இடங்களில் ஃப்ளோரின்-18 கட்டிய மருந்து போடுகிறார்கள், அதற்கு 110 நிமிஷம். எதுவானாலும் இந்தத் துறையில் கடிகாரம்தான் முதலாளி. அடுத்த தடவை பொழுது விடியுமுன் கிளம்பினோம்.

பிஎஸ்எம்ஏ ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை என்றார்கள், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஊசி போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்து, சிறுநீர் போகச் சொல்லிவிட்டுப் படுக்க வைத்தார்கள். எங்களுக்கு ஸ்கேன் செலவே 20,000 ரூபாயைத் தாண்டியது.

ரிப்போர்ட் வரும் முன்னே படம் வந்துவிட்டது. என் தம்பி அதைப் பார்த்துவிட்டுத் திருவொற்றியூரிலிருந்து போனில் அழுகிறான். "அக்கா, கிட்னி ரெண்டும் கரியா கீது. வாயிலயும் கீது. எல்லாம் முடிஞ்சிடுச்சுக்கா." நானும் பார்த்தேன். ஆள் உருவத்தில் சாம்பல் நிழல். அதில் சிறுநீரகம் இரண்டும் மையில் தோய்த்த மாதிரி, தாடைக்குக் கீழே நாலு கட்டி. அன்று ராத்திரி வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் நியூக்ளியர் மெடிசின் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: எச்சில் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் இவற்றிலெல்லாம் இயற்கையாகவே பிஎஸ்எம்ஏ உண்டு, யாருக்கு எடுத்தாலும் அவை கறுப்பாகத்தான் தெரியும், சிறுநீர்ப்பை கறுப்பாக இருப்பது மருந்து அந்த வழியாக வெளியேறுவதால். நைனாவின் கேன்சர் இருந்தது எலும்பில், வயிற்றின் பின்பக்கம் மூன்று நிணநீர்க் கணுக்களில். அவ்வளவுதான். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், நீங்களும் பார்க்காதீர்கள்.

அதோடு எஃப்டிஜி பெட் ஸ்கேனும் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். இன்னொரு செலவா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு காரணம் புரிந்தது. எஃப்டிஜி என்பது சர்க்கரையைத் தின்னும் வேகமான கேன்சரைக் காட்டும். அதில் ஒளிர்ந்து பிஎஸ்எம்ஏவில் ஒளிராத கட்டி உடம்பில் இருந்தால், அந்தக் கட்டியை லுட்டீசியம் தொடாமலே போய்விடும். இதற்குத்தான் வெறும் வயிறு வேண்டும், சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். நைனாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் அன்று மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். எல்லாக் கட்டியும் பிஎஸ்எம்ஏவில் ஒளிர்ந்தது.

இது குணமாக்கும் சிகிச்சை இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். விஷன் என்ற பெரிய ஆய்வில், ஹார்மோன் மருந்தும் கீமோவும் பார்த்து முடித்த 831 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.3 மாதத்தைத் தாண்டி இருந்தார்கள். லுட்டீசியமும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 15.3 மாதத்தைத் தாண்டி இருந்தார்கள். 2021இல் வந்த முடிவு. அதை வைத்துத்தான் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். நாலு மாதத்துக்காகவா இவ்வளவு என்று தம்பி கேட்டான். நைனா, "வலி கொறையுமா சார்?" என்று மட்டும் கேட்டார். பலருக்குக் குறைகிறது என்றார். அப்போ போடலாம் என்றார் நைனா. முடிவு அவருடையது. அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டது தப்பு.

ஒரு சுற்றுக்கு எங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆயிற்று. என் நகையும் தம்பி மனைவியின் நகையும் சௌகார்பேட்டையில் அடகில் இருக்கின்றன. பணம் பேசும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: மருந்து எவ்வளவு, அறை எவ்வளவு, ரத்தப் பரிசோதனையும் மறுநாள் ஸ்கேனும் அதில் சேர்ந்ததா, மருந்து வரவழைத்த பிறகு காய்ச்சல் வந்து ஊசி போட முடியாமல் போனால் அந்தக் காசு யார் தலையில். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். லுட்டீசியம்-177க்கு ஆறரை நாளுக்குச் சற்று மேல் போனால் பாதி போய்விடும். நம் நாட்டிலேயே ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா அணு உலையில் இதைத் தயாரிக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அது ஒரு நோயாளியின் பெயரில், ஒரு தேதிக்காக வருகிற சரக்கு. கடையில் மாதிரி திருப்பிக் கொடுக்க முடியாது.

ஊசி நாள் எதிர்பார்த்த அளவுக்குப் பயமாக இல்லை. ஒரு சின்னத் தூக்குவாளி அளவு ஈயக் குடுவைக்குள் கண்ணாடிக் குப்பி. சலைன் பாட்டிலிலிருந்து ஒரு குழாய் குப்பிக்குள் போய், இன்னொரு குழாய் வழியாக நைனாவின் கைக்கு. கதிர்வீச்சின் அளவு 200 மில்லிக்யூரி. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாந்தி வராமலிருக்க முன்னாலேயே மருந்து கொடுத்துவிட்டார்கள். நைனா கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணுமே தெரியல கண்ணு, ஜில்லுனு கீது" என்றார். ஒரு ராத்திரி தனி அறை. அந்த அறைக் கழிப்பறையின் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போவதில்லை. தனித் தொட்டியில் தேங்கி, கதிர்வீச்சு தணிந்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். லுட்டீசியம் கொஞ்சம் காமா கதிரும் விடுவதால், மறுநாள் அதை வைத்தே இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். முந்தைய படத்தில் எங்கெல்லாம் புள்ளி இருந்ததோ அங்கெல்லாம் மருந்து போய் உட்கார்ந்திருந்தது. "கொக்கி மாட்டிக்கிச்சு" என்றார் நைனா.

பிறகுதான் வீட்டுக்கு வந்து அந்த 32 நாள். எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். மூன்று குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், அதுவும் குந்தி உட்காருவது. நைனாவுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று எப்படியோ தெரிந்து, பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்ல என்னிடமே எண் இல்லை.

இரண்டாம் சுற்றுக்கு முன்னால் நோட்டும் பேனாவுமாகப் போய், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். இதைப் போடும் இடத்தில் அப்படி ஒருவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள். ஊசி போட்ட மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு காரியம் செய்தார். நைனாவை நிற்க வைத்து, 1 மீட்டர் தூரத்தில் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பில் நின்று கையிலிருந்த மீட்டரைக் காட்டினார். முள் நின்ற எண்ணை நான் எழுதிக்கொண்டேன். அடுத்த டேப்புக்கு, 2 மீட்டருக்கு நகர்ந்தார். எண் ஏறக்குறைய கால்வாசியாக விழுந்துவிட்டது. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் முதல் தடவை நாங்கள் நைனாவோடு ஒரே அறையில் எதிர்ச்சுவர் ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டிருக்கலாம்.

பிறகு நாள் கணக்கு கொடுத்தார். வீட்டுப் பெரியவர்கள் 3 அடிக்கு உள்ளே நெருங்கி உட்காராமல் 2 நாள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் 7 நாள். தனி அறையில் தூக்கம்: பெரியவர்களிடமிருந்து 3 நாள், குழந்தைகளிடமிருந்து 7 நாள், கர்ப்பிணியிடமிருந்து 15 நாள். என் தங்கை அப்போது ஐந்து மாதம், அதனால் அந்தப் பதினைந்தை இரண்டு முறை கேட்டு எழுதினேன். உங்களுக்கு உங்கள் ஆஸ்பத்திரி கொடுக்கும் எண்தான் எண். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள், எழுதி வாங்குங்கள்.

உடம்பில் ஒட்டாத மருந்தில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். ஆகவே கக்கூஸ் விஷயம்தான் வீட்டில் பெரிய விஷயம். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், தெறிக்கக் கூடாது, இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒண்டுக்குடித்தனத்தில் இது நடக்காது. அதனால் இரண்டாம் சுற்றிலிருந்து முதல் ஒரு வாரம் திருவொற்றியூரில் தம்பி வீட்டு மாடி அறை. அங்கே வெஸ்டர்ன் கழிப்பறை தனியாக உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து மெட்ரோவில் கூட்டிப் போகாமல் காரில், டிரைவருக்குக் குறுக்காகப் பின்சீட்டில். துணி, துண்டு தனியாகத் துவைத்தோம். தட்டு, டம்ளரை ஒதுக்கி வைக்க வேண்டியதே இல்லை, கழுவினால் போதும். ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றை அவர் சட்டைப் பையிலேயே வைத்தோம். விமான நிலையம் மாதிரி இடங்களில் கதிர்வீச்சுக் கருவி வாரக்கணக்கில்கூட இதைக் கண்டுபிடித்துக் கத்தும்.

தினசரிக் காலண்டரில் ஏழு தாளை மகள்தான் எண்ணினாள். எட்டாம் நாள் காலையில் கூட்டிப் போனேன். மாடிப்படி ஏறி நேரே அவர் மடியில் போய் உட்கார்ந்து, அவர் தாடையில் கை வைத்துப் பார்த்தாள். நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பக்கவிளைவு பற்றி. முடி கொட்டவில்லை, கீமோ மாதிரி படுக்கவும் இல்லை. களைப்பு இருந்தது. வாய் வறட்சிதான் அவரை வாட்டியது. எச்சில் சுரப்பியிலும் மருந்து போய் உட்காருகிறதல்லவா. காசிமேட்டிலிருந்து காலையில் வாங்கி வந்த வஞ்சிரத்தை வறுத்து வைத்தால், "மண்ணு மாதிரி கீது" என்று தள்ளிவிட்டார். குழம்பில் ஊறிய சோறு, மோர், கஞ்சி, கேழ்வரகுக் கூழ் இறங்கியது. ராத்திரி தலைமாட்டில் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு வாரம் இடைவெளி. அதற்குள் ஹீமோகுளோபின், ரத்தத் தட்டணுக்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். மூன்றாம் சுற்றுக்கு அப்புறம் தட்டணு இறங்கி, நாலாவது இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று.

இன்னொன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துச் சொல்கிறேன். முதுகெலும்பில் பரவியவர்களுக்குத் திடீரென்று முதுகு வலி கூடி, கால் மரத்து அல்லது பலம் குறைந்து, சிறுநீர் மலம் போவதில் தடங்கல் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். லுட்டீசியம் மெதுவாக வேலை செய்யும், அதை நம்பி உட்கார முடியாது. அன்றைக்கே எமர்ஜென்சி, எம்ஆர்ஐ.

நைனாவின் பிஎஸ்ஏ 94இலிருந்து 61, 22, 9 என்று இறங்கியது. இடுப்பு வலி இரண்டாம் சுற்றிலேயே பாதியாகி, ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினார். கல்மண்டபம் மார்க்கெட் வரைக்கும் தானே நடந்து போய்வந்தார். நாலாம் சுற்றுக்குப் பிறகு 11. போன மாதம் 17. ஏறத் தொடங்கிவிட்டது.

அடுத்து ஆக்டினியம்-225 பற்றி டாக்டர் பேச்செடுத்திருக்கிறார். அதே கொக்கி, இன்னும் கனமான சரக்கு. ஆல்ஃபா கதிர், சில செல்கள் தூரம்தான் போகும், ஆனால் அடி பலம். வாய் வறட்சியும் லுட்டீசியத்தைவிடக் கூடுதல். திங்கட்கிழமை போகிறோம். நோட்டில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்: மறுபடி ஸ்கேன் எடுத்து ஒளிர்கிறதா என்று பார்த்த பிறகுதானே? எத்தனை சுற்று? ஒரு சுற்றுக்கு எவ்வளவு? எத்தனை நாள், எத்தனை அடி? நேற்று நோட்டைத் திறந்தபோது, கீழே நைனா தன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "மீன் ருசி திரும்ப வருமா என்று கேட்கவும்."